கட்டடத்துக்குள் மொபைல் சிக்னல்: ஐபிஎஸ் பொருத்த ஆள் வருமுன் முடிக்கவேண்டிய வேலைகள் (ராமநாதபுரம் கடற்கரைக் கட்டடங்களுக்கு)

வரவேற்பறையில் நான்கு கோடு, உள்ளறையில் ஒன்றுமில்லை. ராமேஸ்வரம் லாட்ஜ், கீழக்கரை மருத்துவமனை, ராமநாதபுரம் கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இதற்கான முறையான தீர்வு, கட்டடத்துக்குள்ளேயே சின்னச் சின்ன ஆன்டெனாக்களைப் பரப்பி, அவற்றுக்குக் கேபிள் வழியாகச் சிக்னல் கொடுப்பது. தொழிலில் இதை ஐபிஎஸ் (இன்-பில்டிங் சொல்யூஷன்) என்பார்கள், சிலர் டாஸ் (டிஸ்ட்ரிபியூட்டட் ஆன்டெனா சிஸ்டம்) என்பார்கள்.

பொருத்தும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் பேச்சு தொடங்கியதிலிருந்து சிக்னல் வரும்வரை நான்கு முதல் ஆறு மாதம் பிடிப்பது சாதாரணம். இழுபறிக்குப் பெரும்பாலும் காரணம் கட்டடத்தின் பக்கம்தான்: அறை தயாரில்லை, கரண்ட் இல்லை, பத்திரம் பழைய பெயரில் இருக்கிறது, ஸ்லாப்பில் ஓட்டை போட ஓனர் சம்மதிக்கவில்லை. கீழே உள்ள வரிசையில் போனால் இந்த இழுபறியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

1. முதலில் நீங்களே அளந்து பாருங்கள்

கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்கச் சிக்னல் நல்லது. −85 நல்லது. −95 போதும். −105க்குக் கீழே போனால் குரல் வெட்டும், −115இல் கால் நிற்காது. ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் நான்கு சிம்மும் வைத்துக்கொண்டு மாடி வாரியாக, அறை நடுவில், குளியலறையில், லிஃப்ட்டுக்குள், சமையல்கட்டில், கீழ்த்தளப் பார்க்கிங்கில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கடலோரத்தில் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் கையால் தேர்ந்தெடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் அக்கரை இலங்கைச் சிக்னலும் போனில் தட்டுப்படும்.

ஒரே அறையை இரண்டு தரம் அளப்பது முக்கியம்: சாதாரண நாளில் ஒருமுறை, அமாவாசைக் கூட்டத்தில் ஒருமுறை. கூட்டத்தன்று −80 காட்டியும் நெட் நகரவில்லை என்றால், உங்களுக்குக் குறை சிக்னலில் இல்லை, டவரின் கொள்ளளவில். அங்கே வெளிச் சிக்னலையே பிடித்து உள்ளே பெருக்கித் தரும் ரிப்பீட்டர் எந்தப் பயனும் தராது. கட்டடத்துக்கென்று தனி ஃபைபரும் தனி பேஸ் ஸ்டேஷனும் (டவரில் இருப்பதுபோலச் சிக்னலை உண்டாக்கும் கருவி) வேண்டும். இந்த ஒரு முடிவுதான் அறையின் அளவு, கரண்ட், செலவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே சர்வேக்கு வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: “சிக்னல் மூலம் எது?”

பத்துப் பதினைந்து அறை லாட்ஜ் என்றால் ஐபிஎஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம். நல்ல ஃபைபர் இணைப்பும் ஒழுங்கான வைஃபையும் போதும். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் வைஃபை காலிங் உண்டு.

2. பூஸ்டர் வாங்காதீர்கள்

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பூஸ்டரைத் தனியார் தாமாக வாங்கிப் பொருத்துவது சட்டவிரோதம். அது சுற்றுவட்டார டவருக்கு இரைச்சலைக் கொட்டும். புகார் போனால் தொலைத்தொடர்புத் துறையின் கண்காணிப்புப் பிரிவு அளவுக் கருவியோடு வந்து கண்டுபிடித்து, கருவியைப் பறிமுதல் செய்யும்.

முறையான வழி மூன்று. தொலைத்தொடர்பு நிறுவனமே தன் செலவில் போடுவது: கூட்டமும் வருமானமும் இருக்கும் பெரிய கட்டடத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்வார்கள், அதுவும் அவர்கள் சிம்முக்கு மட்டும். அடுத்தது, டவர் நிறுவனம் ஒன்று பொதுவான கேபிள் அமைப்பைப் போட்டு, எல்லா நெட்வொர்க்கையும் அதில் ஏற்றிக்கொள்வது. மூன்றாவது, கேபிளும் ஆன்டெனாவும் உங்கள் செலவு, சிக்னல் கருவி நிறுவனத்தின் செலவு. நூறு அறைக்கு உட்பட்ட கட்டடங்களுக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் கைகூடும். ஆனால் கேபிள் வாங்குமுன், சிக்னல் தருவதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வெறும் கேபிளை மாட்டிவிட்டுக் காத்திருக்கும் கட்டடங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

3. தாள்கள்

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: சொத்துப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகரித்த கட்டட வரைபடம், நடப்புச் சொத்துவரி ரசீது, ஈ.பி. பில், பான், ஜிஎஸ்டி இருந்தால் அது, ரத்து செய்த காசோலை. பழைய கட்டடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று. மாடி வாரியான வரைபடம் ஆட்டோகேட் கோப்பாக இருந்தால் டிசைன் வேலை வேகமாக நடக்கும். இல்லாவிட்டால் சுவர், கதவு அளவோடு கையால் வரைந்ததாவது வேண்டும்.

இந்தக் கரையில் தாள் சிக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில்:

வாரிசுச் சொத்து, பங்காளிகள் வளைகுடாவில். அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்புவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

வக்ஃபு சொத்து. ஜமாத் தீர்மானம் மட்டும் போதாது, வக்ஃபு வாரியத்தின் அனுமதியும் தேவைப்படும்.

மடம், சத்திரம். அறநிலையத் துறைச் சட்டத்துக்குள் வரும் சொத்தானால் 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். ஐபிஎஸ் ஒப்பந்தங்களைப் பத்து ஆண்டுக்கு எழுதுவதுதான் வழக்கம் என்பதால், இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

4. கருவி அறை

மூன்று நான்கு நிறுவனங்களின் கருவி வைக்க 3 × 4 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். ஒரே நிறுவனம் என்றால் 2 × 2 மீட்டர் போதும். கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். சுமார் 2 மீட்டர் உயர ராக் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டம்) நிமிர்ந்தபடியே உள்ளே போக வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தரைத்தளம் வேண்டாம். மழைக்காலத்தில் கடற்கரைத் தெருக்களில் தண்ணீர் தேங்கும், ஈரத்தரை ஆண்டு முழுக்க இருக்கும். மொட்டைமாடித் தகர அறையும் வேண்டாம். முதல் மாடியோ இரண்டாம் மாடியோ, கட்டடத்தின் நடுவில், கேபிள் இறங்கும் டக்ட்டுக்கு ஒட்டினாற்போல இருப்பது நல்லது. மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ வரக்கூடாது. பேட்டரி வரிசை மட்டுமே 300 கிலோவைத் தாண்டலாம். லெட் ஆசிட் பேட்டரியானால் பழைய ஸ்லாப்பில் எங்கே வைப்பது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு கீற்று இடைவெளி இருந்தாலே உப்புக்காற்று உள்ளே வந்துவிடும். 1.5 டன் ஏசி இரண்டு, மாற்றி மாற்றி ஓடும்படி டைமரோடு. காப்பர் காயில், துருத்தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபக்கம் மாட்டுங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் ராக்குக்கு மேலே போகவே கூடாது.

அறை போதவில்லையென்று கடற்கரை ஓரத்தில் புதிதாக ஒன்று கட்டக் கிளம்பினால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி என்ற தனிக் கதை தொடங்கும். இருக்கும் அறை ஒன்றை ஒதுக்குவதே மேல்.

5. கரண்ட், எர்த்

மும்முனை இணைப்பு வேண்டும். எவ்வளவு கிலோவாட் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கருவியும் ஏசியும் சேர்த்து 3 கிலோவாட் ஓயாமல் ஓடினால் மாதம் 2,160 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 21,600 ரூபாய். “கரண்ட் எங்கள் பொறுப்பு” என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி லாட்ஜ் மீட்டரிலேயே கொடுத்தால் இந்தப் பணம் உங்கள் தலையில் விழும். நிறுவனத்தின் பெயரிலேயே தனி ஈ.பி. இணைப்பு வாங்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சப்மீட்டர் வையுங்கள், எந்தத் தேதியில் ரீடிங், யார் கையெழுத்து என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஈ.பி. விண்ணப்பத்தை அறை வேலை தொடங்கும் அன்றே போடுங்கள், கடைசிக்கு விடாதீர்கள். ஜெனரேட்டர் இருந்தால் அதிலிருந்தும் ஒரு லைன் இழுத்து வையுங்கள்.

எர்த் விஷயத்தில் இந்த ஊர் மண் சோதிக்கும். மேலே காய்ந்த மணல், மின்சாரத்தை வாங்காது. கீழே உப்பு ஈரம், அது வாங்கும், ஆனால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அரித்துத் தின்றுவிடும். உப்பும் கரியும் கொட்டிய பழைய குழியில் அளவு முதல் ஆண்டு சரியாக இருக்கும், பிறகு ஏறிக்கொண்டே போகும். செம்பு பூசிய கம்பி, சுற்றிலும் பென்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) கலவை, நிலத்தடி ஈரம் எட்டும் ஆழம், இதுதான் இங்கே நிற்கும். கருவிக்கென்று தனியாக இரண்டு குழி, ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு கம்பி நீளத் தூரத்தில். நிறுவனங்கள் பொதுவாக 1 ஓமுக்குக் கீழே கேட்பார்கள். அளவைக் கோடையில் எடுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த அளவு எல்லா மண்ணிலும் அழகாகத்தான் இருக்கும்.

6. கேபிள் போகும் வழி

ஓனர்களுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் சண்டை வருவது இங்கேதான். முன்கூட்டியே வழியைக் குறித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் சண்டை இல்லை.

மாடிக்கு மாடி 100 மில்லிமீட்டர் துளை இரண்டு. ஒன்று இப்போதைக்கு, ஒன்று பிறகு வரும் நிறுவனத்துக்கு. கோர் கட்டிங் மெஷினால்தான் போட வேண்டும், சுத்தியலும் உளியும் கூடாது. போடுமுன் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பீமிலும் தூணிலும் துளை கிடையவே கிடையாது. கடலோரக் கட்டடத்தில் வெட்டுப்பட்ட கம்பி முனையைச் சும்மா விட்டால் உப்பு ஏறித் துரு உள்ளே பரவி, சில ஆண்டில் ஸ்லாப்பின் அடிப்பூச்சு உதிரத் தொடங்கும். துளையின் உள்சுவரைப் பாலிமர் கலவையால் பூசி, பிவிசி குழாய் செருகி, கேபிள் போனபின் இடைவெளியைத் தீத்தடுப்பு சீலன்ட்டால் அடையுங்கள். இது கோர் கட்டிங் விலையில் அடங்காது, தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

கேபிளைத் தாங்கும் டிரே 150 மில்லிமீட்டர் அகலம். சாதாரண ஜிஐ டிரே இங்கே நிற்காது. ஹாட் டிப் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) ஜிஐ அல்லது எஃப்ஆர்பி (நாரிழைப் பிளாஸ்டிக்). கரண்ட் கேபிளிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி. கிளாம்ப் மீட்டருக்கு ஒன்று. அரை அங்குல ஃபீடர் கேபிளை 125 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உள்ளே வளைக்கக்கூடாது, மூலையில் மடக்கித் திணித்தால் உள்ளே நசுங்கி, பிறகு எங்கே பழுது என்று தேடவேண்டியிருக்கும். மக்கள் புழங்கும் கட்டடம் என்பதால் கேபிள் உறை புகை குறைவாக வரும், ஹாலஜன் இல்லாத வகையாக இருக்கட்டும்.

7. ஆன்டெனா எங்கே

டிசைன் அவர்கள் வேலை. ஆனாலும் வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆன்டெனா முனையில் மொத்தம் 15 டிபிஎம் என்று வையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில் போன் காட்டும் அளவு அதிலிருந்து சுமார் 28 குறையும்: −13. ஆன்டெனாவின் பெருக்கம் 2 கூட்டினால் −11. 1800 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் தூரத்துக்கு இழப்பு 61. இடையில் இரண்டு செங்கல் சுவர், 12 என்று போடுங்கள். கடைசியில் −84. நன்றாக இருக்கிறது. இதையே 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்குப் போட்டால் தூர இழப்பு மட்டும் 6 கூடும், சுவரும் கேபிளும் அதற்குமேல் விழுங்கும். அரை அங்குலக் கேபிள் 100 மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் 7 டெசிபல் அளவில் தின்கிறது, 3500இல் அது ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே “5ஜியும் வரும்” என்று சொன்னால், ஆன்டெனா, சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர், கப்ளர் எல்லாம் 698 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்குமா என்று பொருள் பட்டியலில் பாருங்கள். 2700உடன் நிற்கும் பழைய சரக்கு விலை குறைவாகக் கிடைக்கும். அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

30 மீட்டர் நடைபாதை, இருபுறமும் அறை என்ற வழக்கமான லாட்ஜுக்கு மாடிக்கு மூன்று ஆன்டெனா. தரையும் மூன்று மாடியும் என்றால் 12. இதில் ஒரு நுணுக்கம்: லாட்ஜ் அறைகளில் குளியலறை பெரும்பாலும் நடைபாதைப் பக்கம், வாசற்கதவை ஒட்டி இருக்கும். டைல்ஸ், தண்ணீர்க் குழாய், கண்ணாடி மூன்றும் சேர்ந்து சிக்னலைக் குடிக்கும். ஆன்டெனா குளியலறைச் சுவருக்கு நேரே வராமல், மரக்கதவுக்கு நேரே வரும்படி ஒரு மீட்டர் நகர்த்தினாலே படுக்கையறைக்குள் வித்தியாசம் தெரியும்.

கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த கல்சுவரைச் செங்கல் கணக்கில் போடக்கூடாது. அங்கே முற்றத்துக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வைக்கவேண்டும். உலோக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆன்டெனாவை ஒளிக்க முடியாது. ஜிப்சம் என்றால் ஒளிக்கலாம். லிஃப்ட்டுக்கு, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவைப் பார்த்தபடி ஒன்று வைத்தால் பெரும்பாலும் போதும்.

8. ஃபைபரும் மொட்டைமாடியும்

தெருவிலிருந்து அறை வரை 110 மில்லிமீட்டர் குழாய், வெளிப்பக்கம் சாய்வாக, முனை அடைத்து. சாலை வெட்ட அனுமதி வாங்குவது நிறுவனத்தின் வேலை. தேசிய நெடுஞ்சாலை 87ஐ ஒட்டிய கட்டடங்களுக்கு அது நகராட்சியிடம் இல்லை, நெடுஞ்சாலைத் தரப்பிடம் போகும், நாளும் கூடும். ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்கள் இரண்டு வழி ஃபைபர் கேட்டால், இரண்டும் பாம்பனை ஒரே பாலத்தில் கடக்கின்றனவா என்றும் கேளுங்கள். ஒரே பாலம் என்றால் இரண்டாவதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

பலரும் மறப்பது ஜிபிஎஸ் ஆன்டெனா. பேஸ் ஸ்டேஷனுக்கு நேரம் பிசகாமல் இருக்க வானம் தெரியும் இடத்தில் அது வேண்டும். கருவி அறையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு 25 மில்லிமீட்டர் குழாய் இப்போதே விட்டுவையுங்கள். தட்டோடு பதித்த தளத்தைத் துளைக்காமல் கைப்பிடிச் சுவர் வழியாக ஏற்றுங்கள். மேலே கம்பம் நிறுத்துவதாக இருந்தால் உயரத்தை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால், சுற்றுப்புறத்தில் உயர அனுமதி இல்லாமல் கம்பம் ஏறாது.

9. உப்பு

திறந்த வராந்தா உள்ளிடம் என்று கணக்கில் வராது. கடல் பார்த்த வராந்தாவில் மாட்டும் எந்தக் கனெக்டரும் வெளிப்புறக் கனெக்டர்தான்: முதலில் ப்யூட்டைல் டேப், மேலே பிவிசி டேப், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. போல்ட், கிளாம்ப் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 இங்கே பழுப்பேறிவிடும்.

இது அழகுக்காகச் சொல்வது இல்லை. துருப்பிடித்த இணைப்பில் இரண்டு அலைவரிசைகள் கலந்து மூன்றாவதாக ஓர் இரைச்சல் பிறக்கும். தொழிலில் பிம் என்பார்கள். கோடு நிறையக் காட்டும், ஆனால் பேச்சு விட்டுவிட்டு வரும். அதனால்தான் கனெக்டரைக் கையால் முறுக்காமல் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்: 7/16 வகைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 4.3-10 வகைக்கு 5. வெட்டிய கேபிள் முனையை மூடியில்லாமல் ஓர் இரவு விட்டால், மறுநாள் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கனெக்டர் போடவேண்டும்.

10. எந்த மாதம்

லாட்ஜுக்கு, சிவராத்திரி முடிந்து சித்திரைக்குள் அல்லது ஜூனில் தொடங்கி ஆடி அமாவாசைக்குள். ஐப்பசி மழை, பிறகு சபரிமலைக் கூட்டம், தை அமாவாசை என்று அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேலைக்கு இடமே கிடைக்காது. கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தம் இல்லாத ஆடி வசதி. மார்கழியில் மொட்டைமாடி வேலை வைக்காதீர்கள். கோர் கட்டிங் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும், ஒரு மாடியை முழுக்கக் காலி செய்து இரண்டு நாளில் முடிக்கச் சொல்லுங்கள்.

11. ஒப்பந்தமும் பணமும்

கருவி அறையை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவதானால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்கு உட்பட்டதானால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 20,000 ரூபாய். இதை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசுங்கள். வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வருமானவரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால், பதிவுள்ள வாடகைதாரரே அதைக் கட்டவேண்டும்.

கட்டாயம் எழுதவேண்டிய வரிகள்: எல்லா நெட்வொர்க்கையும் ஏற்றலாம், ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமை இல்லை. காலம் முடிந்தால் கருவியை எடுத்துச் சுவரையும் தளத்தையும் பழையபடி பூசித் தரவேண்டும். கதிர்வீச்சு வரம்புக்குள் இருப்பதாக நிறுவனம் தொலைத்தொடர்புத் துறைக்குக் கொடுக்கும் சான்றின் நகல் உங்களுக்கும் வேண்டும். இந்தியாவின் வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. விருந்தினர் கேட்டால் காட்ட அந்த நகல் உதவும். இரவில் பழுது பார்க்க ஆள் வந்தால் யார் சாவி தருவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

12. வாங்கிக்கொள்ளும்போது

மூன்று அறிக்கை இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்: ஒவ்வொரு கேபிளின் விஎஸ்டபிள்யூஆர் அளவு (அனுப்பிய சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கணக்கு), 1.5க்கு மேல் போகக்கூடாது. பிம் சோதனை. எல்லா மாடியிலும் நடந்து எடுத்த சிக்னல் படம், 95 சதவீத இடத்தில் −95 அல்லது அதைவிட நல்ல அளவு. முதலில் நீங்கள் எழுதிவைத்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே குளியலறை, அதே லிஃப்ட்டில் அளந்து பாருங்கள். போட்டபடி வரைந்த வரைபடத்தையும், ஒவ்வொரு கேபிள் முனையிலும் ஒட்டிய எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் இல்லாத கேபிளை அடுத்த பழுதுக்காரர் அறுத்துவிடுவார்.

பிறகு ஆண்டுதோறும் செப்டம்பரில், வாடைக்காற்று தொடங்குமுன், வராந்தாப் பக்கத்து டேப்பையும் மொட்டைமாடி இணைப்பையும் பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். எர்த் அளவைத் தனியாகக் கோடையில் எடுங்கள். இரண்டையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதிவிட்டால் நினைவூட்டவேண்டிய வேலை உங்களுக்கு இல்லை.